சோள ரொட்டி: ஹோரஸ்

நவம்பர் 9, சனிக்கிழமை.

பாத்திரம் கழுவும் சோப்பை ஹோரஸ் கையில் எடுத்துக் கொடுத்தது நான்தான். தேய்க்கும் கம்பி நாரையும் நான்தான் கொடுத்தேன். அவர் கேட்டார், கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. தவறு சின்னதுதான். ஆனால் இன்று நடந்த எல்லாவற்றுக்கும் முன்னால் அது வருகிறது. அதனால் முதலில் எழுதிவிடுகிறேன்.

அப்போது காலை ஒன்பது பத்து. எதை எழுதினாலும் நேரத்தைக் குறிக்க வேண்டும் என்று நான் படிக்கும் மாலை வகுப்பில் சொல்கிறார்கள். ஒன்பது பன்னிரண்டாகவும் இருந்திருக்கலாம்; சபைக் கூடத்துக் கடிகாரத்தை முழுதாக நம்ப முடியாது. பதினொரு மணிக்கு, எங்கள் சபையின் மூத்த பெண்மணி மதர் ஓஸெல்லாவின் அடக்க ஆராதனை. அது முடிந்து, கல்லறைக்குப் போய்த் திரும்பி, ஒன்றேகாலுக்குச் சாப்பாடு. நூற்றுப் பதினைந்து பேர் வருவார்கள் என்று சமையலறைத் தலைவி சிஸ்டர் பெர்னடைன் கணக்குப் போட்டிருந்தார்.

ஹோரஸ் பீமன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தொட்டியருகே நின்று, மதர் ஓஸெல்லாவின் இரும்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுப்புத் தண்ணீர் இறங்க இறங்க அவர் முகத்தில் திருப்தி ஏறியது.

"எவ்வளவு அழுக்கு பாரு கெசியா," என்றார். "பாவம், வயசான காலத்துல அவங்களால தேய்க்க முடியல போல."

எனக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் அவருக்கு நாற்பத்தெட்டு வயது, எனக்கு இருபத்திரண்டு.

கீரைக் குண்டானைத் தூக்கிக்கொண்டு சிஸ்டர் பெர்னடைன் உள்ளே வந்தபோது சட்டி சாம்பல் நிறத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. அவர் குண்டானை மெதுவாக மேசைமேல் வைத்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"ஹோரஸ், அது என்ன?"

"சட்டி, சிஸ்டர்."

"ஓஸெல்லா சட்டியா?"

"ஆமா. நல்லாத் தேய்ச்சுட்டேன்."

"சோப்புப் போட்டா?"

"ரெண்டு தடவ."

சிஸ்டர் பெர்னடைன் ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகு, "ரெண்டாவது தடவ எதுக்குப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"அழுக்கு இருந்துச்சு..."

"நாப்பத்தொரு வருஷம். சோப்பே காட்டாம, துணியால துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்தா. அது அழுக்கு இல்லப்பா. அதுதான் சட்டி."

ஹோரஸ் சட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சோப்புப் புட்டியைப் பார்த்தேன்.

"நீங்களே இத ஒரு வழி பண்ணுங்களேன் சிஸ்டர்," என்றார்.

"என் கை அதுல படக் கூடாது. காகிதத்துல எழுதியிருக்கு." சொல்லிவிட்டு, தவறியும் பட்டுவிடக் கூடாது என்பதுபோல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் வயதானவர்கள் தங்கள் அடக்க ஆராதனை எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். எழுதியதை யாரும் மீறுவதில்லை. மதர் ஓஸெல்லா கிரிக்ஸ் தொண்ணூற்றொரு வயதில் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தார், நீல மையில், கோடு போட்டதுபோல. லில்லிப் பூ வேண்டாம், தும்மல் வரும். பாட்டு இரண்டு. பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம், பாஸ்டருக்குப் பன்னிரண்டு. கடைசி வரி இது: 'சோள ரொட்டி: ஹோரஸ். அவன் மட்டும். வேறு யாரும் கை வைக்க வேண்டாம்.'

புதன்கிழமை சமையலறைக் கூட்டத்தில் சிஸ்டர் பெர்னடைன் இதை வாசித்தார்.

"எந்த ஹோரஸ்?" என்றார் ஒருவர்.

"நமக்கு எத்தன ஹோரஸ் இருக்காங்க?"

"நம்ம ஐஸ் ஹோரஸா?"

சிஸ்டர் பெர்னடைன் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

துக்கச் சாப்பாட்டுக்கு யார் எதைக் கொண்டுவருவது என்பதில் எங்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு. கோழி பொரிப்பவர் கோழிதான் பொரிப்பார். கீரை சிஸ்டர் பெர்னடைனுடையது. சோள ரொட்டி எப்போதும் மதர் ஓஸெல்லாவுடையது. வரிசையில் வருகிறவர்கள் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் நின்று, "இது யார் செஞ்சது?" என்று கேட்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் கரண்டியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சமையலை நம்பி ஒப்படைக்க முடியாதவர்களிடம் காகிதத் தட்டு வாங்கி வரச் சொல்வார்கள். காகிதத் தட்டுக்கும் கீழே இருப்பது ஐஸ்: கிளாஸ்களில் போட ஐஸ்கட்டி வாங்கி வருவது.

ஹோரஸுக்குப் பதினொரு வருடமாக ஐஸ். மெம்பிஸ் நகரத்திலிருந்து இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்த முதல் மாதம் ஒரு துக்கச் சாப்பாட்டுக்கு மக்ரோனி செய்துகொண்டு வந்தாராம். ஓரம் கருகி, நடுவில் கரண்டி முழுகிப் போனதாம். நான் அப்போது சிறுமி, பார்த்ததில்லை. கரண்டி முழுகியதாக மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'ஐஸ்' என்று இருந்தது. பிறகு அது மாறவே இல்லை. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஊரார் தங்கள் பிள்ளைகளையெல்லாம் அவரிடம் ஒப்படைப்பார்கள். ஒரு கிண்ணம் உருளைக்கிழங்கை ஒப்படைக்க மாட்டார்கள்.

புதன்கிழமை கூட்டம் முடிந்து நான் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் வந்தார்.

"அவங்க என்னைக் கவனிச்சிருக்காங்க, கெசியா. பதினோரு வருஷமா அந்தப் பரிமாறுற ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு ஐஸ் போட்டுக்கிட்டே அவங்க ரொட்டி சுடுறதப் பாத்திருக்கேன். ஒரு வார்த்த சொன்னதில்ல. மனசுல வெச்சிருந்து எழுதிட்டுப் போயிட்டாங்க."

நான் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டேன்.

ரொட்டி சரியாக வந்தால் அவர் இனி ஐஸ் ஹோரஸ் இல்லை. வராவிட்டால் கடைசிவரை அதே ஐஸ்தான். இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"வீட்டுல ஒரு தடவ சுட்டுப் பாருங்களேன்," என்றேன்.

"அப்படிச் சுட்டுப் பாத்தா அவங்கள நம்பலேனு ஆயிடும்," என்றார்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே நிற்பவரின் இடுப்புக்கு மேல்தான் தெரியும். மாவை எடுத்து உள்ளங்கையில் உருட்டுவது, இரண்டு தட்டு, மேலே மூன்று விரலால் ஓர் அழுத்து, எண்ணெய்ப் பக்கமாகக் கையைச் சரிப்பது. இதெல்லாம் ஹோரஸுக்கு மனப்பாடம். மாவுப் பை, தண்ணீர், தீ மூன்றும் ஜன்னலுக்குக் கீழே இருந்தன.

சட்டிக்கு வருகிறேன். சிஸ்டர் பெர்னடைன் கையைப் பின்னால் கட்டியபடியே யோசனை சொன்னார். "பன்றிக் கொழுப்பத் தடவி சின்னத் தீயில வை. ஒரு மணி நேரம் அப்படியே விட்டுடு. பழைய கறுப்பு முழுசாத் திரும்பாது. ஏதோ கொஞ்சம் ஒட்டாம இருக்கும்." சொல்லிவிட்டு ஆலயத்துக்குப் பூ வைக்கப் போனார்.

ஹோரஸ் சட்டியைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு மாவுப் பையைப் பிரித்தார். வெள்ளைச் சோளமாவு, அதுவரை சரி. மதர் ஓஸெல்லா செய்வதுபோலவே உப்பை உள்ளங்கையில் கொட்டி, நிதானமாகத் தூவினார். பையின் கீழ் ஓரத்தில் 'உப்பும் பேக்கிங் பவுடரும் சேர்த்தது' என்று சின்ன எழுத்தில் இருந்ததை நான் வாசித்தபோது மணி பத்தே முக்கால். அதற்குள் அவர் இரண்டு முறை தூவியிருந்தார்.

மாவில் கொதிக்கும் தண்ணீரை ஊற்ற வேண்டும். மற்ற அடுப்புகளில் கீரையும் தட்டைப்பயறும் இருந்தன. "பாய்லர்ல சுடுதண்ணி இருக்கே," என்று ஹோரஸ் காபி பாய்லரின் குழாயைத் திறந்தார். பாய்லரை நான் புதன்கிழமை கழுவினேன். கழுவினேன் என்றுதான் நினைக்கிறேன். ஊற்றிக் கிளறியதும் மாவு கலங்கிய மிசிசிப்பி ஆற்றின் நிறத்துக்கு வந்தது.

"மதர் ஓஸெல்லாவோடது இப்படி இருக்காது, இல்ல?" என்றார்.

"ஜன்னல்ல இருந்து பாத்தா எப்படி இருக்கும்?"

"வெள்ளையா."

இருவரும் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது மெதுவாகப் பொங்கிக்கொண்டிருந்தது. பேக்கிங் பவுடர் சேர்ந்த மாவு அப்படித்தான் செய்யும் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது மூச்சு விடுவதுபோல இருந்தது.

முதல் ரொட்டியை அவர் அச்சு அசலாக மதர் ஓஸெல்லாவைப் போலவே தட்டினார். மூன்று விரல் அழுத்தும் போட்டார். எண்ணெயில் விட்டதும் ரொட்டி ஒரு கணம் யோசித்தது. பிறகு நாலா பக்கமும் பிரிந்து போனது. பிரியாத பாகம் சட்டியோடு ஒட்டிக்கொண்டது.

"தீ பத்தல," என்றார் ஹோரஸ். சட்டியைச் சுரண்டித் துடைத்து, மறுபடி கொழுப்பைத் தடவி, தீயை முழுவதும் திறந்துவிட்டார்.

பதினொன்று இருபத்தைந்துக்கு நெருப்பு எச்சரிக்கை மணி அடித்தது.

அடித்தபோது உள்ளே மௌன ஜெபம். சபைப் பொறுப்பாளர் டீக்கன் அமோஸ் பக்கக் கதவு வழியாக ஓடி வந்தார். எழுபத்தொன்பது வயது, கறுப்புக் கோட்டு, கையில் பாட்டுப் புத்தகம். அந்தப் புத்தகத்தாலேயே புகையை விசிறினார்.

"பிரதர், எரியுதா?"

"இல்ல டீக்கன். சட்டிக்குக் கறுப்பு ஏத்துறேன்."

டீக்கன் அமோஸ் கொஞ்சம் யோசித்தார். "ஆமென்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மணியை நிறுத்த எனக்கு நான்கு நிமிடம் ஆனது. சட்டியில் உண்மையாகவே கொஞ்சம் கறுப்பு ஏறியிருந்தது. பிரச்சினை இப்போது மாவு.

"முட்டை போட்டாப் பிடிச்சுக்கும்," என்றார் ஹோரஸ். குளிர்பெட்டியில் ஆறு முட்டை இருந்தன. ஆறையும் உடைத்து ஊற்றினார். மாவு நீர்த்தது. இன்னொரு பையைப் பிரித்துக் கொட்டினார். கிண்ணம் போதாமல் எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் பெரிய தொட்டிப் பாத்திரத்துக்கு மாற்றினார். ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

"உப்பு," என்றார்.

பையில் வாசித்ததை நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் அலமாரியைத் திறந்து பெரிய டப்பா ஒன்றை எடுத்து, உப்பு எவ்வளவு கூடியதோ அவ்வளவு ஈடுகட்டும் வரை கொட்டினார்.

சிஸ்டர் பெர்னடைன் கீரையைப் பார்க்க வந்தபோது டப்பா திறந்தபடி இருந்தது.

"அது சர்க்கரை டப்பா இல்ல?"

"ஆமா சிஸ்டர்."

"ஐஸ் டீக்குத்தானே திறந்து வெச்சிருக்கு?"

ஹோரஸ் டப்பாவின் மூடியைத் தேடினார்.

"ஹோரஸ். அது டீக்குன்னு சொல்லு."

"உப்புக் கூடிப்போச்சு சிஸ்டர்..."

சிஸ்டர் பெர்னடைன் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "சோள ரொட்டில சர்க்கரை. நம்ம பக்கம் யாரும் போடுறதே இல்ல. ஓஸெல்லா இன்னும் குழிக்குள்ளகூட இறங்கல."

கதவுக்கு அப்பால் இரண்டாவது பாட்டு தொடங்கியிருந்தது. மூன்று பேரும் அது முடியும்வரை தலை குனிந்து நின்றோம்.

பாட்டு முடிந்ததும் சிஸ்டர் பெர்னடைன் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு ஹோரஸ். காலைல அஞ்சு மணிக்கு எழுந்து நூத்திருபது ரொட்டி சுட்டு வெச்சிருக்கேன். என் கார்ல, பின்னாடி, துணி போட்டு மூடி. அவளுது மாதிரி வராது. ஆனா ரொட்டி. கெசியா போயி எடுத்துட்டு வருவா. நீ இத எடுத்துக் குப்பையில கொட்டு. நீ சுட்டதாவே இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் வாயத் திறக்க மாட்டோம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது. புகையால் இருக்கலாம்.

ஹோரஸ் வெகுநேரம் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினொரு வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே வழி அது. நூற்றிருபது நல்ல ரொட்டி, அவர் பெயரில், கார் பெட்டியில்.

"யாருக்கும் தெரியாதுன்றீங்க. மதர் ஓஸெல்லாவுக்கு?"

"அவ பெட்டிக்குள்ள இருக்கா ஹோரஸ்."

"பரவால்ல சிஸ்டர். அவங்க என் பேரத்தான் எழுதியிருக்காங்க. உங்க பேர எழுதல." அவமரியாதையாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு சட்டையின் கையை இன்னொரு மடிப்பு மடித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். சிஸ்டர் பெர்னடைன் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீரைக்கு உப்புப் பார்க்கப் போனார்.

ஒரு தடவைக்கு எட்டு ரொட்டி. முட்டையால் பிரியாமல் இருந்தன. சர்க்கரையால் அரை நிமிடத்தில் கறுத்தன. எடுத்துப் பிட்டுப் பார்த்தால் நடுவில் மாவு அப்படியே இருந்தது. தீயைக் குறைத்தால் எண்ணெய் குடித்தன, கூட்டினால் கரியாயின. ஹோரஸ் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தட்டி, மூன்று விரல் வைத்து, எதையும் அவசரப்படுத்தாமல் சுட்டார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது, துடைக்க நேரமில்லை. எனக்குத் துடைத்துவிடத் தோன்றியது. 'கை வைக்க வேண்டாம்' என்று காகிதத்தில் எழுதியது ரொட்டிக்கு மட்டுமா, சுடுகிறவருக்கும் சேர்த்தா என்று சந்தேகமாக இருந்ததால் துடைக்கவில்லை. மொத்தம் நூற்றுப் பதினெட்டு ரொட்டி. ஒன்று இரண்டாக உடைந்தது. அதை எப்படி எண்ணுவது என்று தெரியவில்லை.

இடையில் கீரைக்குக் கரண்டி தேடும் சாக்கில் இரண்டு முறை ஆலயத்துக் கதவைத் திறந்து பார்த்தேன். யாரும் அழவில்லை. அழ நேரமில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பேசப் போனவர்கள் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். டீக்கன் அமோஸ் அறுபது வருடப் பழக்கத்தை ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் சொல்லி முடித்தார். பாஸ்டர் பதினொரு நிமிடத்தில் உட்கார்ந்தார். பருத்திக் காட்டை ஒட்டிய கல்லறையில் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். மழை வருமா, இன்றைய கால்பந்து ஆட்டம் எத்தனை மணிக்கு, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் இரண்டாம் பாதியாவது பார்க்கலாமா என்று. நல்லபடியாக நடந்தது என்றார்கள். சீக்கிரம் முடிந்தது என்றும் சொன்னார்கள்.

ஒன்று இருபதுக்கு வரிசை நகர்ந்தது. ஹோரஸ் புது ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ரொட்டித் தட்டின் பின்னால், இடுக்கியுடன் நின்றார்.

"இது யார் செஞ்சது?"

"நான்."

"இது யார் செஞ்சது?"

"நான்தான் பிரதர்."

ஒவ்வொருவரும் கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் அவர் நிமிர்ந்து சொன்னார். யாரும் நகர்ந்து போகவில்லை. காகிதத்தில் எழுதியிருந்ததால் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் ரொட்டியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். மதர் ஓஸெல்லாவின் தங்கை மிஸ் டூலாவுக்கு எண்பத்தாறு வயது, சக்கர நாற்காலி. முன்மேசையில் இருந்த அவருக்கு நான் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாஸ்டர் ஜெபித்து முடித்தார். எல்லோரும் முதலில் எடுத்தது ரொட்டியை. இங்கே அதுதான் பழக்கம். சூட்டோடு ரொட்டி, பிறகுதான் மற்றது.

டீக்கன் அமோஸ் கடித்தார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். ரொட்டியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கரி, அதற்குள்ளே பச்சை மாவு, இனிப்பு, எங்கிருந்தோ ஒரு காபி வாசனை. பிறகு அதை மிக மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"ஓஸெல்லா," என்றார்.

அவ்வளவுதான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பக்கத்து மேசையில் ஒரு பெண் கடித்த வாயோடு விம்மினார். அதற்கடுத்த மேசையில் இருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பாடகர் குழுவிலிருந்து ஒருவர் எழுந்து நின்று பாட ஆரம்பித்து, முதல் வரியைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்தார். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு நிமிடத்துக்குள், அதிகம் போனால் ஒன்றரை நிமிடத்துக்குள், கூடம் முழுவதும் அழுதது. அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கால்பந்தைப் பற்றிக் கேட்டவர் மேசையில் தலையைச் சாய்த்து அழுதார். சிஸ்டர் பெர்னடைன் ஜன்னலுக்கு உள்ளே நின்று, கையில் கரண்டியுடன் அழுதார்.

ஹோரஸ் இடுக்கியைக் கீழே வைத்தார். ஏப்ரனை அவிழ்த்து, நான்காக மடித்து, தட்டின் பக்கத்தில் வைத்தார்.

"கெசியா," என்றார். "எல்லார் கிளாஸ்லயும் ஐஸ் இருக்கா பாரு."

பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"சோப்பு நான்தான் கொடுத்தேன்," என்றேன்.

"சர்க்கரை நான்தான் போட்டேன்," என்றார். பிறகு, "அவங்க கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அதையும் கெடுத்துட்டேன். அந்த அழுகையக் கேக்குறியா? ஒரு ரொட்டிக்காக அழுவுறாங்க," என்றார்.

"உங்களத் தப்பா நினைக்க மாட்டாங்க..."

"நினைக்கட்டும். நான் அவங்ககிட்ட கேக்கணும். எங்கிட்ட என்னத்தப் பாத்து எழுதுனீங்கன்னு. இனிமே எப்படிக் கேக்குறது?"

கதவு இடிபட்டுத் திறந்தது. மிஸ் டூலா, நாற்காலிச் சக்கரத்தைத் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு வந்திருந்தார். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. மடியில் கடித்த ரொட்டி.

"சுட்டவன் எங்க?"

ஹோரஸ் எழுந்து நின்றார். "நான்தான், மிஸ் டூலா. மன்னிச்சுக்குங்க. உங்க அக்கா என்னை நம்பி எழுதுனாங்க. நான் நல்லா சுடுவேன்னு நினைச்சு எழுதிட்டாங்க."

மிஸ் டூலா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அவ அப்படி நினைச்சான்னு யார் சொன்னா? கண்ணு, அவ நாக்குக்கு ருசி கடைசிவரைக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுச்சு."

"அப்புறம் ஏன்..."

"அவ எழுதுறப்ப நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். 'நல்ல ரொட்டியா இருந்தா தின்னுட்டு ஆட்டம் பாக்கக் கிளம்பிடுவாங்க டூலா, ஹோரஸ் சுடட்டும், ஒரு கடி கடிச்சா நான் போயிட்டேன்னு ஒவ்வொருத்தனுக்கும் புரியும்'னு சொல்லித்தான் எழுதுனா. என் காகிதத்துலயும் உன் பேர எழுதிட்டேன்; நான் போறவரைக்கும் யார்கிட்டயும் எதையும் கத்துக்காத."

நாளை, ஞாயிறு: ஆராதனை முடிந்ததும் ஹோரஸோடு கடைக்குப் போய், வெள்ளைச் சோளமாவு ஐந்து பவுண்டு வாங்க வேண்டும். மிஸ் டூலாவிடம் சொல்லக் கூடாது.